குடல்வாய் அறுவைச் சிகிச்சை: அன்றும் இன்றும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், அரசாங்க மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்முகாமில் நேற்றும் முன்தினமும் பயிர் நோய்களைப் பற்றியும், கால்நடைகளின் நோய்களைப் பற்றியும் அறிஞர்கள் பேசினார்கள். இன்று மனிதனின் குடலுக்கு வரும் ஒரு நோயைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சபையில் பேசத் தகாத விஷயம் என்று உங்களில் சிலர் கருதக்கூடும். மலம், குடல், பை என்ற சொற்களை நாலுபேர் நடுவில் உச்சரிக்க நாம் கூசுகிறோம். அவ்வாறு கூசிப் பேசாது விட்டதனால் ஓர் உயிர் போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகையினாலேயே இவ்வழைப்பை ஏற்றுக்கொண்டேன். அந்தச் சம்பவத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம்.

நோயின் தன்மை

குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது, வலது அடிவயிற்றில் வலி கண்டு உடனே அறுத்தெடுக்கிறார்களே, அந்தக் குடல்வால் நோயன்று. இது வேறு. நம் உடம்பில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் காவற்சக்தி ஒன்று உண்டு. அது நெறி தவறித் தன் சொந்தக் குடலையே பகைவனென்று எண்ணித் தாக்குவதால் விளைவது இந்நோய். இதில் இரண்டு வகை உண்டு. பெருங்குடலின் உட்புறத் தோலில் மட்டும் புண் உண்டாகி இரத்தமும் சளியுமாகப் போவது ஒன்று. இதனைப் பெருங்குடற்புண் அழற்சி என்போம். மற்றொன்று குரோன் நோய். நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் 1932ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார்கள். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம்; குடலின் சுவர் முழுவதையும் ஊடுருவிச் சென்று, குடலைச் சுருக்கியும் துளைத்தும் புரை வைக்கச் செய்யும்.

"இது மேல்நாட்டார் நோயல்லவா? கஞ்சியும் கூழும் குடிப்பவனுக்கு வருமா?" என்று கேட்பீர்கள். மருத்துவர்களும் முன்னாளில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பஞ்சாப் மாகாணத்தில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்து நடத்திய ஆய்வொன்று 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 23 பேருக்குப் பெருங்குடற்புண் அழற்சி இருந்தது. ஒரு லட்சம் மக்களுக்கு 44 பேர் என்று ஆகிறது. பஞ்சாப் கோதுமை விளையும் பூமி. நம்மைப் போன்று மண்ணை நம்பி வாழும் மக்கள் நிறைந்த நாடு. ஆகவே இந்நோய் நமக்கு அந்நியமானதன்று.

நம் கிராமங்களில் இந்நோய் இதன் சொந்தப் பெயரால் அறியப்படுவதில்லை என்பதே தொல்லை. இரத்தம் போனால் மூலம் என்கிறோம். சளி போனால் சீதபேதி என்கிறோம். வயிற்று வலியும் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் குடற்காசம் என்று மருத்துவரே ஐயுறுவார். அந்த ஐயம் நியாயமானதுதான், ஏனெனில் குரோன் நோயும் குடற்காசமும் உள்நோக்கிக் கருவியால் பார்க்கும்போதுகூட ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. இவ்வாறாக மாதங்கள் கழிகின்றன. சிலருக்கு ஆண்டுகளே கழிகின்றன.

குடல்வாய் என்பது யாது?

மருந்துகளுக்கு நோய் அடங்காதபோதும், குடல் கிழியும் அபாயம் நேரும்போதும், பெருங்குடலை எடுத்துவிட வேண்டியதாகிறது. அப்போது சிறுகுடலின் முனையை வயிற்றுச் சுவரின் வழியாக வெளியே கொண்டுவந்து தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இதனை ஸ்டோமா என்பர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'வாய்' என்றே பொருள். நாம் குடல்வாய் என்று சொல்லலாம். அது செந்நிறமாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருக்கும். தொட்டால் வலிக்காது. கழிவு தானாக வெளியேறி, மேலே ஒட்டப்பட்ட பையில் சேரும். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

இப்போது அந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், முப்பத்திரண்டு வயதுள்ள விவசாயி ஒருவரை நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஏக்கர் நிலக்கடலை, ஒரு கிணறு, இரண்டு பெண் குழந்தைகள். ஓராண்டு காலம் சீதபேதி என்று மருந்து உண்டிருந்தார். அதன்பின் மூலம் என்று எவரோ ஒருவர் கட்டுப் போட்டிருந்தார். வந்தபோது நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. நாடி துடிப்பு மிகுந்தும், முகம் வெளுத்தும் இருந்தது. ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தோம். மூன்றாம் நாளும் குறையவில்லை. வயிறும் உப்பத் தொடங்கியது.

கடுமையான பெருங்குடற்புண் அழற்சியில் மூன்றாம் நாள் என்பது ஒரு கணக்கு. அன்றைக்கும் எட்டு முறைக்கு மேல் வயிறு போகுமாயின், அந்த மருந்து இனிக் கைகொடுக்காது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். வேறு மருந்தை உடனே தொடங்கவேண்டும், அல்லது அறுவை செய்யவேண்டும். அக்காலத்தில் அந்த வேறு மருந்து எங்களிடம் இல்லை. ஆகையால் நான் அவர் மனைவியையும் உறவினரையும் அழைத்து, "பெருங்குடலை எடுத்துவிட வேண்டும், வயிற்றில் துளையிட்டு மலம் போகப் பை வைக்கவேண்டும்" என்றேன்.

ஊரிலிருந்து கூட வந்திருந்த பெரியவர் ஒருவர், "ஐயா, மலப்பையை வயிற்றிலே கட்டிக்கொண்டு இவன் எந்தச் சபையில் உட்காருவான்? நாளைக்கு இந்தப் பெண் குழந்தைகளுக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்கள்?" என்றார். அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொன்னார்கள். மூன்று நாட்கள் சென்றன. நான்காம் நாள் இரவு குடல் கிழிந்து வயிறெங்கும் மலம் பரவிவிட்டது. அப்போது கையொப்பமிட்டார்கள்; அறுவையும் செய்தோம். அவர் பிழைக்கவில்லை.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஊரில் பிறந்தவன் எவனும் கேட்கக்கூடியது. குறை என்னுடையது. நான் துளையைப் பற்றியும் பையைப் பற்றியும் சொன்னேனேயொழிய, அதற்குப் பின் அவர் கிணற்றிலிறங்கிக் குளிக்கலாம், நிலத்தில் உழைக்கலாம், பந்தியில் உட்கார்ந்து உண்ணலாம் என்பதை எடுத்துச் சொல்லவில்லை. குடல்வாயோடு வாழும் ஒருவரை அழைத்துவந்து அவர்கள் எதிரில் நிறுத்தவுமில்லை. அப்படி ஒருவர் அதே ஜில்லாவில் இருந்தார். எனக்குத் தோன்றவில்லை.

நாற்பது ஆண்டுகள் பட்ட பாடு

குடல்வாய் என்றதும் மக்கள் அஞ்சுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அது அஞ்சத்தக்கதாகவே இருந்தது.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் ஜான் யங் பிரௌன் என்பவர் 1913ஆம் ஆண்டில், பெருங்குடற்புண்ணுக்காகச் சிறுகுடலை வயிற்றின் வெளியே திறந்துவிடும் முறையை வெளியிட்டார். உயிர் பிழைத்தவர் பலர். ஆயினும் அவர்கள் பட்ட வேதனை சொல்லி முடியாது. சிறுகுடலிலிருந்து வெளிப்படும் கழிவு, நாம் உண்ட சோற்றையும் பருப்பையும் கரைக்கும் சீரண நீர்கள் கலந்தது. அது தோலின் மேல் பட்டால் தோலையும் கரைக்கத் தொடங்கிவிடும். அக்காலத்தில் குடலின் முனையைத் தோல் மட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே கழிவு தோலின்மேல் பரவி, வெந்நீர் கொட்டினாற்போல் வயிறு வெந்துபோகும். குடலின் வெளிப்புறமும் வீங்கிச் சுருங்கி, வழி அடைபட்டுவிடும். ஒட்டும் பைகளும் அந்நாளில் இல்லை. துணியையும் பஞ்சையும் கட்டிக்கொண்டு, படுக்கையோடு கிடந்தோர் பலர்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் பணியாற்றிய பிரையன் புரூக் என்பவர். அவர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை மிக எளிது. சட்டைக் கையின் முனையை வெளிப்புறமாக மடித்துவிடுகிறோமல்லவா? அதேபோல் குடலின் முனையை மடித்துத் தோலோடு தைத்தார். குடல்வாய் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு மூக்கைப் போல் வெளியே நீண்டு நின்றது. கெண்டியின் மூக்கிலிருந்து நீர் விழுவதுபோல் கழிவு நேராகப் பைக்குள் விழுந்தது, தோல் தப்பியது. ஒரு மடிப்பு! நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் பட்ட வேதனை அந்த ஒரு மடிப்பினால் தீர்ந்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் சிறுகுடல்வாயை அம்முறையிலேயே அமைக்கிறார்கள். பெரிய அணைக்கட்டைவிட, வாய்க்காலின் மடை சரியாயிருப்பதுதான் பயிரைக் காப்பாற்றுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பையின் கதை இன்னும் சுவையானது. டென்மார்க் தேசத்தில் எலிசே சோரென்சன் என்ற தாதியின் தங்கைக்குக் குடல்வாய் வைக்கப்பட்டது. தங்கையின் நோய் புற்று. ஆனால் கஷ்டம் ஒன்றேதான். கசிவுக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியே வராது அடைந்துகிடந்தாள். அதைக் காணச் சகியாத அக்காள், தோலோடு ஒட்டக்கூடியதும், பயன்படுத்தியபின் எறிந்துவிடத் தக்கதுமான பையை 1954ஆம் ஆண்டில் சிந்தித்துக் கண்டாள். ஒரு பிளாஸ்டிக் உற்பத்தியாளரிடம் சென்றபோது அவர் முதலில் அக்கறை காட்டவில்லை. அவர் மனைவியும் தாதியாயிருந்தவர். அவ்வம்மையார் வற்புறுத்திய பின்னரே அவர் செய்துகொடுத்தார். இன்று நாம் மருந்துக் கடையில் வாங்கும் பைகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

அமெரிக்காவில் நோர்மா கில் என்ற பெண்மணிக்கும் இதே பெருங்குடற்புண் வந்து, 1954இல் குடல்வாய் வைக்கப்பட்டது. அவர் தேறியபின், தம்மைப் போன்ற நோயாளிகளுக்குப் பையை எப்படி ஒட்டுவது, தோலை எப்படிக் காப்பது என்று சொல்லிக் கொடுக்கலானார். கிளீவ்லாந்து மருத்துவமனையின் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் அவரை 1958இல் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். 1961இல் அங்கே இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியே ஏற்பட்டது. நோயாளியாக வந்தவர் ஆசிரியையானார். நான் முன்பு சொன்ன என் தவற்றுக்கு விடை, நான் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

இன்றைய போக்கு

அதன் பிறகு அறுவை முறைகள் மாறின. ஸ்வீடன் நாட்டு நில்ஸ் காக் என்பவர் 1969இல் வயிற்றுக்குள்ளேயே சிறுகுடலால் ஒரு தொட்டி அமைத்தார். லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இருவர், சிறுகுடலை மடித்துத் தைத்துப் பை செய்து, அதனை ஆசனவாயோடு இணைக்கும் முறையை 1978இல் வெளியிட்டனர். பெருங்குடல் இல்லாதவரும் இயற்கை வழியிலேயே மலம் கழிக்கலாம் என்றாயிற்று. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை போகவேண்டியிருக்கும். உட்பையிலும் சில சமயம் அழற்சி வரும். ஆயினும் வெளியே பை வேண்டியதில்லை. குரோன் நோய் உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் ஏற்றதன்று, ஏனெனில் அந்நோய் சிறுகுடலிலேயே திரும்ப வரக்கூடியது.

இந்த உட்பை அறுவையை ஒரே நாளில் செய்துவிடுவதில்லை. நலிந்துபோன நோயாளிக்கு முதலில் பெருங்குடலை எடுத்துக் குடல்வாய் வைப்பார்கள். உடம்பு தேறியபின் உட்பை அமைப்பார்கள். தையல் ஆறியபின் குடல்வாயை மூடுவார்கள். இவ்வாறு மூன்று படிகளில் செய்வது இப்போது பெருகிவருகிறது. இவ்விடத்தில் குடல்வாய் ஆற்றைக் கடக்க உதவும் பரிசலைப் போன்றது.

மருந்துகளும் முன்னேறின. ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 210 நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் மருந்தைக் கொடுத்தும் கொடாமலும் ஒப்பிட்டு 1955இல் முடிவுகளை வெளியிட்டனர். அதுவரை பலரைப் பலிகொண்ட நோய் அடங்கத் தொடங்கியது. இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் 1998இல் குரோன் நோய்க்கும், 2005இல் பெருங்குடற்புண்ணுக்கும் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் அவ்வினத்து மருந்துகள் பல வந்துள்ளன. பெருங்குடலை எடுக்கவேண்டிய தேவை பல நாடுகளில் குறைந்துவருகிறது. நம் நாட்டில் இம்மருந்துகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கை அவசியம்: உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயை இவை எழுப்பிவிடும். ஆகவே காசநோய்ச் சோதனை செய்யாமல் இவற்றைத் தொடங்கலாகாது.

இவ்வளவு மருந்துகள் வந்தபின் குடல்வாயே தேவையில்லாமற் போயிற்றா என்றால், இல்லை. ஸ்வீடனில் 2003ஆம் ஆண்டு முதல் குரோன் நோய் கண்டவர்களை, 18,815 பேரை, 2019 வரையில் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அந்நாட்டில் ஒவ்வொரு நோயாளியின் விவரமும் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதால் இவ்வாறு கணக்கிட முடிகிறது. நோய் கண்ட ஐந்தாண்டுகளுக்குள் குடல்வாய் வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். நிலையான குடல்வாய் பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. சிறுகுடலில் வைத்த குடல்வாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றே நிலையாக நின்றது, மற்றவை தற்காலிகமே. ஆனால் முற்பகுதி ஆண்டுகளில் நோய் கண்டவர்களையும் பிற்பகுதி ஆண்டுகளில் கண்டவர்களையும் ஒப்பிட்டால், புதிய மருந்துகள் பெருகியும் இந்த விகிதம் குறையவில்லை.

இதனை மருந்தின் தோல்வி என்று நான் கொள்ளவில்லை. முன்பு வேறு வழியின்றி, சாகும் தறுவாயில் வைத்த குடல்வாயை, இன்று குடலுக்கு ஓய்வு தரவும், தையலைக் காக்கவும் முன்கூட்டியே வைக்கிறார்கள். எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆசனவாயைச் சுற்றிப் புரையோடிய குரோன் நோய்க்காகத் தற்காலிகமென்று வைக்கப்படும் குடல்வாயைப் பின்னர் மூட முடிவது சிலருக்கே. அவர்களிடம் "ஆறு மாதத்தில் மூடிவிடலாம்" என்று ஆசை காட்டுவது நேர்மையன்று.

வீட்டிலும் ஊரிலும்

சிறுகுடல்வாய் வைத்தவருக்குப் பெருங்குடல் உறிஞ்சும் நீரும் உப்பும் கிட்டா. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கழிவு போவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பு வறண்டுவிடும். நம் சித்திரை வெய்யிலில் விரைவாகவே வறளும். அப்போது வெறுந்தண்ணீரை மேன்மேலும் குடிப்பது பயன் தராது. குடித்த நீர் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். உப்பிட்ட வடிகஞ்சி, உப்பிட்ட மோர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்த நீர், இவையே உதவும். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனாலோ, தலை சுற்றினாலோ மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சோறு, இட்லி, பருப்பு, மீன், முட்டை யாவும் உண்ணலாம். தேங்காய்க் கீற்று, நிலக்கடலை, சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை இவற்றை மெல்லாமல் விழுங்கினால் குடல்வாய் அடைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்கள் இவற்றை விலக்கிவிட்டுப் பின் சிறிது சிறிதாகச் சேர்த்து, நன்றாக மென்று உண்ண வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடவேண்டும். பையின் வாய் குடல்வாயின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட்டு, சுற்றுத் தோல் வெளியே தெரியாதபடி ஒட்டியிருக்கவேண்டும். விலைக்கு அஞ்சிச் சாதாரண பிளாஸ்டிக் உறையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, 1952க்கு முன் பட்ட அதே வேதனையை இன்றும் படுவோரை நான் பார்த்திருக்கிறேன். பை வாங்கும் செலவு ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் பாரம். அறுவை செய்த அரசாங்க மருத்துவமனையில் பை கொடுக்க வழியுண்டா என்று, நோயாளி தனியாகக் கேட்பதைவிடப் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு கடிதத்தோடு கேட்டால் விரைவில் விடை கிடைக்கும். இது என் அனுபவம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. பஞ்சாயத்து அலுவலகத்துக் கழிப்பிடத்தில் தண்ணீரும், துணி மாட்ட ஓர் ஆணியும், சாமான் வைக்க ஒரு பலகையும், மூடியுள்ள தொட்டி ஒன்றும் இருந்தால், குடல்வாய் உள்ளவர் கூட்டத்துக்கு அஞ்சாமல் வருவார். கழிவைக் கழிப்பிடத்தில் கொட்டிவிட்டுப் பையைத் தாளில் சுற்றித் தொட்டியில் போடவேண்டும், வாய்க்காலில் எறியலாகாது. அப்புறம் அந்த மனிதரின் அருகில் உட்காருவது. சரியாக ஒட்டிய பையில் நாற்றம் வராது. பந்தியில் அவருக்குத் தனி இலை போடவேண்டிய காரணம் எதுவுமில்லை.

உரை முடிந்தபின் சிலர் கேள்விகள் கேட்டனர்.

அம்மையார் ஒருவர், குடல்வாய் உள்ள பெண் குழந்தை பெறலாமா என்று கேட்டார். பெறலாம், பெற்றிருக்கிறார்கள். ஆனால் முன்பு நான் சொன்ன உட்பை அறுவை இடுப்புக்குள் ஆழமாகச் செய்யப்படுவதால் கருத்தரிப்பதைச் சிலருக்குத் தாமதப்படுத்தக் கூடும். ஆகையால் மணமாகவேண்டிய பெண்களும், பிள்ளைப்பேற்றை விரும்பும் இளம் பெண்களும் குடல்வாயோடு இருந்துவிட்டு, குழந்தை பெற்றபின் உட்பை வைத்துக்கொள்வதுண்டு. மருத்துவரிடம் இதனை வெட்கப்படாமல் கேட்கவேண்டும். கணவனும் உடனிருந்து கேட்பது நல்லது.

நோய் திரும்பி வருமா என்று மற்றொருவர் கேட்டார். பெருங்குடற்புண்ணில், பெருங்குடலும் மலக்குடலும் முழுவதும் எடுக்கப்பட்டால் குடலில் அந்நோய்க்கு இடமில்லை. குரோன் நோய் திரும்ப வரலாம். மருந்தையும் பரிசோதனையையும் விடலாகாது. புகை பிடிப்பவர் அதை நிறுத்தியே தீரவேண்டும். குரோன் நோய்க்குப் புகையிலை நெய் வார்ப்பது போன்றது.

இளைஞர் ஒருவர், தம் அண்ணனுக்கு அடுத்த வாரம் அறுவை செய்யப்போவதாகவும், அவர் மறுபடியும் மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானை முதுகில் சுமக்க முடியுமா என்றும் கேட்டார். பதினாறு லிட்டர் நீரோடு அது கனமான சுமை. குடல்வாயைச் சுற்றி வயிற்றுச் சுவர் பலவீனமாயிருக்குமாதலால் குடல் பிதுங்க இடமுண்டு. முதல் இரண்டு மாதங்கள் கனமான எதையும் தூக்கலாகாது. அதன்பின் வயிற்றுக்குக் கச்சை கட்டி, அரைத்தொட்டி நீரோடு தொடங்கிப் பழகலாம். பெல்ட்டு பையின்மேல் அழுந்தாதிருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, அறுவைக்கு முதல் நாளே செய்யவேண்டியது ஒன்றுண்டு. தம்பி, உங்கள் அண்ணன் எந்த இடத்தில் வேட்டி கட்டுவார், அரைஞாண் கயிறு எங்கே படியும் என்பதெல்லாம் மருத்துவருக்குத் தெரியாது. படுக்கையில் படுத்தபடியே இடத்தைக் குறித்துவிட்டால், எழுந்து நிற்கும்போது வேட்டி முடிச்சு குடல்வாயின்மேல் வந்து விழும். ஆகவே அவரை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கவும், உட்காரவும், களை எடுப்பவரைப் போல் குனியவும் சொல்லி, தோல் மடியாத இடமாகவும், அவர் கண்ணுக்கே தெரியும் இடமாகவும் பார்த்து மையால் புள்ளி வைக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். நாளைக்கே போய்க் கேளுங்கள்.